மீத்திறன் குழந்தைகளுக்குச் செறிவூட்டல்: என்ன, எப்படி?

கோடை விடுமுறை வந்துவிட்டால் போதும், ‘திறமையான குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்சி’ என்று துண்டறிக்கைகள் வீடு தேடி வரும். அபாகஸ், வேத கணிதம், ரோபோடிக்ஸ், ஒலிம்பியாட் என்று எதுவாக இருந்தாலும் ‘செறிவூட்டல்’ என்ற ஒரே பெயர்தான். பள்ளிகளிலும் இதே குழப்பம் இருக்கிறது. கணக்கை முதலில் முடித்த பிள்ளைக்கு இன்னும் 20 கணக்கைக் கொடுத்துவிட்டு, அவளைத் தனியாகக் கவனித்ததாக நினைத்துக்கொள்கிறோம். அவள் அதிலிருந்து கற்றுக்கொள்வது, சீக்கிரம் முடித்தால் வேலை கூடும் என்பதைத்தான். அடுத்த வாரமே மெதுவாக முடிக்கத் தொடங்கிவிடுவாள்.

வார இறுதிக் குழுவோ பள்ளி மன்றமோ நடத்த நினைக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும், தங்கள் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று யோசிக்கும் பெற்றோருக்கும், செறிவூட்டல் உண்மையில் எப்படி இயங்குகிறது என்பதை அடிப்படையிலிருந்து இங்கே விளக்குகிறோம்.

தோசையிலிருந்து தொடங்குவோம்

ஒரு சிறுமி தோசை சுட நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டாள். அடுத்து அவளுக்கு என்ன கொடுப்பது? 10 தோசைக்குப் பதிலாக 40 சுடச் சொல்லலாம். அது கூடுதல் வேலை. வயதுக்கு முன்பாகவே பிரியாணி செய்யச் சொல்லிக்கொடுக்கலாம். அது விரைவுபடுத்தல், அதாவது மூத்த பிள்ளைகளுக்கான பாடத்தை முன்கூட்டியே கொடுப்பது. மூன்றாவது வழியும் உண்டு. மாவு ஏன் புளிக்கிறது, குளிர்நாளில் ஏன் பொங்க மறுக்கிறது, நாலுக்கு ஒன்று என்ற அரிசி உளுந்துக் கணக்கை மாற்றினால் என்ன ஆகும் என்று அவளே கேட்கிறாள். நான்கு கிண்ணங்களில் நான்கு விதமாகக் கரைத்து வைக்கிறாள். காலையில் ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம் எழும்பியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதுகிறாள். செறிவூட்டல் என்பது இதுதான். பாடத்தின் அளவும் வேகமும் அப்படியே இருக்க, ஆழமும் அகலமும் கூடுகின்றன. கேள்வியும் குழந்தையுடையதாகிவிடுகிறது.

விரைவுபடுத்தல் தவறான வழி அல்ல. ஐந்தாம் வகுப்பில் இருந்துகொண்டு எட்டாம் வகுப்புக் கணக்கைத் தடையில்லாமல் போடும் பிள்ளைக்கு அது தேவைதான். ஆனால் அது வேறு சேவை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பும்போது இரண்டுமே சரியாக நடப்பதில்லை.

யாரை மீத்திறன் குழந்தை என்கிறோம்?

பாடத்தையோ ஒரு துறையையோ சக வயதினரைவிடக் குறிப்பிடத்தக்க அளவு விரைவாக அல்லது ஆழமாகப் பற்றிக்கொள்ளும் குழந்தையை மீத்திறன் குழந்தை என்கிறோம். பிறவியிலேயே தலையில் குத்தப்பட்ட முத்திரை போல இதைப் பேசுவதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921-இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார். நுண்ணறிவுச் சோதனையில் மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கிய குழந்தைகளாகப் பார்த்துச் சேர்த்தார். மொத்தம் 1,500-க்கும் மேல். அவர்களில் பலர் நன்றாகப் படித்து நல்ல நிலைக்கு வந்தார்கள். ஆனால் சோதனை எழுதியும் எல்லைக்கோட்டைத் தாண்ட முடியாமல் வெளியே நின்ற சிறுவர்களில் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெசும் இருந்தார்கள். பின்னாளில் ஷாக்லி 1956-இலும் ஆல்வரெஸ் 1968-இலும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள்.

கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஜோசப் ரென்சுல்லி 1978-இல் வேறொரு விளக்கம் தந்தார். மூன்று வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதாக வரைந்து காட்டினார். முதல் வளையம் சராசரிக்கு மேற்பட்ட திறன். உச்சத் திறனாக இருக்க வேண்டியதில்லை, சராசரிக்கு மேல் இருந்தால் போதும். இரண்டாவது படைப்பாற்றல். மூன்றாவது பணிப்பற்று: எடுத்த வேலையைச் சலிக்காமல் தொடரும் பிடிவாதம். மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் மீத்திறன் வெளிப்படுகிறது என்பது அவர் வாதம். முதல் வளையம் ஓரளவு நிலையானது. மற்ற இரண்டும் சூழலைப் பொறுத்து ஏறும், இறங்கும். ஆகவே ‘இவள் மீத்திறன் குழந்தையா?’ என்று கேட்பதைவிட, ‘எந்த வேலையில், எந்தச் சூழலில் இவளிடம் மீத்திறன் வெளிப்படுகிறது?’ என்று கேட்பது பயன்தரும்.

நடைமுறையில் இது பெரிய மாற்றம். உச்சியில் இருக்கும் 1 அல்லது 2 சதவீதத்தினரை மட்டும் பிரித்தெடுக்காமல், 15 முதல் 20 சதவீதம் பேருக்குக் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்று ரென்சுல்லி சொன்னார். சிங்கப்பூர் 1984 முதல் நடத்திவந்த மீத்திறன் கல்வித் திட்டத்தில் மூன்றாம் வகுப்பில் தேர்வு வைத்து, ஏறத்தாழ 1 சதவீத மாணவர்களைக் குறிப்பிட்ட சில தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அந்த வடிவத்தை முடித்துக்கொண்டு, எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் இத்தகைய மாணவர்களுக்கு வாய்ப்புத் தரப்போவதாக 2024-இல் அந்நாடு அறிவித்தது.

12 பேர் கொண்ட குழுவுக்கு ஆள் சேர்க்கிறீர்கள் என்றால், 8 இடங்களை மதிப்பெண், திறன் சோதனை போன்றவற்றை வைத்து நிரப்புங்கள். மற்ற 4 இடங்களை ஆசிரியரும் சக மாணவர்களும் பரிந்துரைப்பவர்களுக்கும், தாங்களாகவே முன்வருபவர்களுக்கும் ஒதுக்கிவிடுங்கள். ஆசிரியரிடம் ‘யார் கெட்டிக்காரர்?’ என்று கேட்டால் கையெழுத்து அழகாக இருக்கும் பிள்ளைகளின் பெயர்கள்தான் வரும். ‘எதையாவது பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தாத பிள்ளை யார்? பாடத்தில் இல்லாத கேள்வி கேட்டு உங்களைத் திணறடிப்பது யார்?’ என்று கேளுங்கள். வேறு பெயர்கள் வரும். வாசிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாறும் டிஸ்லெக்சியா குழந்தைகளும் அந்தப் பட்டியலில் வருவதுண்டு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: செறிவூட்டல் என்பது ஆழம் கூட்டுவது. அது உச்ச மதிப்பெண்காரர்களுக்கு மட்டுமானது அல்ல. திறன், படைப்பாற்றல், பணிப்பற்று ஆகிய மூன்றும் சந்திக்க இடம் அமைத்துக் கொடுப்பதுதான் நடத்துபவரின் வேலை.

படைப்பாற்றலைப் பயிற்றுவிக்க முடியுமா?

ஓரளவு முடியும். எதைப் பயிற்றுவிக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக ஜே. பி. கில்ஃபோர்ட் 1950-இல் ஆற்றிய உரைக்குப் பிறகுதான் படைப்பாற்றல் ஆய்வு வேகம் பிடித்தது. விரிசிந்தனை, குவிசிந்தனை என்று அவர் இரண்டைப் பிரித்தார். ஒரு கேள்விக்குப் பல விடைகளைத் தேடுவது விரிசிந்தனை. பலவற்றிலிருந்து பொருத்தமான ஒன்றை எடுப்பது குவிசிந்தனை.

அமெரிக்க உளவியலாளர் பால் டொரன்ஸ் 1966-இல் வெளியிட்ட படைப்புச் சிந்தனைச் சோதனைகள் விரிசிந்தனையை நான்கு பக்கங்களிலிருந்து பார்த்தன. ‘தேங்காய்ச் சிரட்டையை வைத்து என்னென்ன செய்யலாம்?’ என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பையன் கிண்ணம், கோப்பை, அகப்பை, உண்டியல், பூந்தொட்டி, சோப்பு டப்பா என்று 15 எழுதுகிறான். எண்ணிக்கை அதிகம், அதாவது சரளம் இருக்கிறது. ஆனால் ஏறக்குறைய எல்லாமே பாத்திரம்தான். இன்னொரு சிறுமி 6 மட்டும் எழுதுகிறாள்: கிண்ணம், அடுப்புக்கரி, தாளம் தட்டும் கருவி, பொத்தான், வட்டம் வரையும் அச்சு, ரப்பர் பால் பிடிக்கும் கொட்டாங்கச்சி. பெரும்பாலானவை வேறு வேறு வகை. இது நெகிழ்ச்சி. குழுவில் வேறு யாருக்கும் தோன்றாத விடை புதுமை. ஒரு விடையை எடுத்து, பொத்தானுக்கு எத்தனை துளை, எந்தக் கருவியால் துளைப்பது, விளிம்பை எதைக்கொண்டு தேய்ப்பது என்று வளர்த்துக்கொண்டு போவது விரிவாக்கம்.

இந்த நான்கையும் தெரிந்து வைத்திருந்தால் குழந்தைக்கு எங்கே கைகொடுப்பது என்பது புரியும். அந்தப் பையனிடம் ‘இன்னும் எழுது’ என்றால் மேலும் ஐந்து பாத்திரங்கள்தான் வரும். ‘சிரட்டையை உடைத்துவிட்டால்?’, ‘எரித்தால்?’ என்று கேட்டுப் பாருங்கள், வகை மாறும்.

யோசனைகளைச் சேர்க்கும் நேரத்தில் யாரும் எதையும் குறை சொல்லக் கூடாது, எண்ணிக்கை முக்கியம், விசித்திரமானதும் வரலாம், பிறர் யோசனையோடு சேர்த்துக் கட்டலாம். கூட்டு யோசனை முறையை உருவாக்கிய அலெக்ஸ் ஆஸ்பார்ன் வகுத்த விதிகள் இவை. விதிகள் நல்லவை. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்லும்போது, ஒவ்வொருவரும் தனியாக எழுதிச் சேர்ப்பதைவிடக் குறைவான யோசனைகளே கிடைக்கின்றன என்று பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், அதற்குள் தன் யோசனை நழுவிவிடும். எனவே முதலில் 6 முதல் 8 நிமிடம் எல்லோரும் பேசாமல் அவரவர் தாளில் எழுதட்டும். பிறகு சுற்றி வந்து ஒவ்வொன்றாகப் படிக்கட்டும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளின் யோசனையும் இதில் தவறாமல் வந்துவிடும்.

பல திட்டங்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. சுவர் நிறைய வண்ணத் தாள், அதோடு முடிந்தது. குவிசிந்தனைக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். டொரன்ஸ் 1974-இல் தொடங்கிய எதிர்காலச் சிக்கல் தீர்வுத் திட்டத்தில், பிள்ளைகள் தங்கள் தீர்வுகளைப் பட்டியலிட்டபின் தாங்களே சில அளவுகோல்களை எழுதி, ஒவ்வொரு தீர்வுக்கும் கட்டம் போட்டு மதிப்பெண் இடுகிறார்கள். செலவு எது குறைவு, யாருக்கு அதிகம் உதவும், எது விரைவில் முடியும் என்று ஒப்பிடும்போதுதான் யோசனை வேலையாக மாறுகிறது.

மூன்று வகைச் செயல்பாடு

ரென்சுல்லி 1977-இல் முன்வைத்த செறிவூட்டல் முக்கோணம் இத்தகைய பல திட்டங்களுக்கு அடித்தளமாக இருக்கிறது. அதில் மூன்று வகைச் செயல்பாடுகள் உண்டு. சிக்குக் கோலத்தை வைத்து மூன்றையும் பார்ப்போம்.

வகை 1 என்பது அறிமுகம். பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு துறையை, ஓர் ஆளை, ஒரு பொருளைக் காட்டிவிட்டு விலகி நிற்பது. கோலத்தில் தேர்ந்த ஒருவரை அழைத்து 40 நிமிடம் சிமெண்ட் தரையில் போடச் சொல்லுங்கள். விளக்கவுரை வேண்டாம். முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இரண்டு கேள்வி எழுதட்டும். ‘இழை எங்கே முடிகிறது?’, ‘ஏன் சில கோலம் ஒரே இழையில் வருகிறது, சிலது வருவதில்லை?’, ‘உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?’ என்று வரும். அடுத்த வாரங்களுக்கான சரக்கு அந்தக் கேள்வித் தாள்களில்தான் இருக்கிறது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வகை 2 என்பது கருவிகளைக் கையில் கொடுப்பது: வகைப்படுத்தல், அட்டவணை போடுதல், ஊகித்துச் சோதித்தல், நேர்காணல் எடுத்தல் போன்ற ‘எப்படி’ திறன்கள். புள்ளித் தாளில் செவ்வக வடிவில் புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். விதி எளிது. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளின் நட்டநடுவே இழை குறுக்காகச் சாய்ந்து கடக்கும். ஓரத்துக்கு வந்ததும் வளைந்து திரும்பும். எல்லாப் புள்ளியும் சுற்றப்பட வேண்டும். போட்டு முடித்தபின், தனித்தனியாக மூடிய இழைகள் எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும்.

2×2 புள்ளிக்கு 2 இழை. 2×3-க்கு 1. 3×3-க்கு 3. 3×4-க்கு 1. இந்த இடத்தில் யாராவது ஒரு பிள்ளை கை தூக்கும்: ‘ரெண்டு எண்ணும் வேற வேறயா இருந்தா ஒரே இழைதான்.’ தவறு. ஆனால் நீங்கள் தவறு என்று சொல்லக் கூடாது. ‘ரெண்டுக்கு நாலு போட்டுப் பாத்தியா?’ என்று மட்டும் கேளுங்கள். 2×4-க்கு 2 இழை வரும். ஊகம் உடையும். ‘ரெண்டும் இரட்டைப்படையா இருந்தா ரெண்டு இழை’ என்று அடுத்த ஊகம் வரும். 4×4 போட்டால் 4 இழை, அதுவும் உடையும். 4×6, 3×6, 6×6 என்று அட்டவணை நீள நீள, இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணிதான் இழைகளின் எண்ணிக்கை என்பதை யாரோ ஒருவர் கண்டுபிடிப்பார். அதற்கு இரண்டு வகுப்புகள்கூட ஆகலாம். அவசரப்பட்டு நீங்கள் சொல்லிவிட்டால் அந்தக் குழந்தையிடமிருந்து ஒரு கண்டுபிடிப்பையே பறித்துவிட்டீர்கள் என்று பொருள்.

பொதுவாக நேரும் கோளாறு, ஓரத்தில் திரும்பும்போது அடுத்த இடைவெளியை விட்டுவிடுவது. இழை எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறுபடும். ஒவ்வொரு மூடிய இழைக்கும் வேறு நிறப் பென்சில் கொடுத்தால் பிழை உடனே கண்ணில் படும்.

வகை 3 என்பது குழந்தையின் சொந்த ஆய்வு. தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ செய்வார்கள். தனக்கு உண்மையிலேயே ஆர்வமுள்ள கேள்வியாக இருக்க வேண்டும். விடை ஆசிரியரிடம் தயாராக இருக்கக் கூடாது. அந்தத் துறையில் வேலை செய்பவர்கள் கையாளும் முறையைக் கூடியவரை பின்பற்ற வேண்டும். முடிவைக் கேட்க வகுப்புக்கு வெளியே உண்மையான ஆட்கள் இருக்க வேண்டும். செவ்வகத்தை விட்டு 1-3-5-3-1 என்ற வைர வடிவப் புள்ளிக்கு இழை எண்ணிக்கை என்ன ஆகும் என்று ஒரு பையன் போகலாம். மார்கழி முழுவதும் தன் தெருவில் விழும் கோலங்களைப் படமெடுத்து, புள்ளி எண்ணிக்கை, இழை எண்ணிக்கை, போட்டவரின் வயது, கற்றுக்கொண்ட ஊர் என்று ஒரு சிறுமி தொகுக்கலாம். அவளுக்கான பார்வையாளர்கள் அந்தத் தெருப் பெண்களும் உள்ளூர் நூலகமும். அறிவியல் ஆய்வாக வளர்ந்தால் 1993 முதல் நடந்துவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு இருக்கிறது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் உள்ளூர்ச் சிக்கலை ஆராய்ந்து கொண்டுவரும் இடம் அது.

சுருக்கமாக: வகை 1 ஆர்வத்தைத் தூண்டுகிறது, வகை 2 கருவி தருகிறது, வகை 3 இரண்டையும் கொண்டு உண்மையான வேலை செய்ய வைக்கிறது. முதல் இரண்டும் எல்லோருக்கும் பொது. மூன்றாவது விரும்புபவர்களுக்கு மட்டும்.

12 வாரத்துக்கு ஒரு சட்டகம்

8 முதல் 11 வயது வரை 12 பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள், வாரம் ஒருமுறை 2 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 3 வாரம் வகை 1: ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று துறைகள். 4 முதல் 7-ஆம் வாரம் வரை, பிள்ளைகளின் கேள்விகள் எந்தப் பக்கம் சாய்கின்றனவோ அந்தத் துறையில் வகை 2. எட்டாம் வாரத்திலிருந்து வகை 3. இரண்டு மணி நேரத்தில் முதல் 15 நிமிடம் வந்து அமர்ந்து பொருட்களைத் தொட்டுப் பார்க்க, அடுத்த 20 நிமிடம் நீங்கள் பேச. அதற்கு மேல் பேசாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் வேலைக்கு விட்டுவிட வேண்டும். கடைசி 15 நிமிடம், எங்கே முட்டி நிற்கிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும்.

ஆளுக்கொரு கோடில்லாத நோட்டு கொடுங்கள். அழிப்பான் கிடையாது. பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்து, தேதி போட்டு, பக்கத்திலேயே புதிதாக எழுத வேண்டும். மூன்று வாரம் கழித்து, அடித்துப்போட்ட யோசனையே உதவும் நேரம் வரும்.

கேள்வி கேட்டபின் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது நடத்துபவருக்கு வேண்டிய முதல் பயிற்சி. ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை என்றும், 3 விநாடி காத்திருந்தால் பதில்கள் நீளமாகவும் ஆழமாகவும் வருகின்றன என்றும் மேரி பட் ரோவ் என்ற ஆய்வாளர் காட்டினார். மனதுக்குள் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணிப் பாருங்கள், எவ்வளவு நீளமான மௌனம் என்று தெரியும்.

எங்கே கெடுகிறது?

வாராவாரம் ஒரு விருந்தினர், ஒரு சுற்றுலா, ஒரு செய்முறைக் காட்சி என்று வகை 1-லேயே சுற்றிவரும் திட்டங்கள் அதிகம். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், படம் எடுக்க நன்றாக இருக்கும், ஆனால் எதுவும் வேர் பிடிக்காது. புதிர்ப் புத்தகங்களோடு வகை 2-லேயே தங்கிவிடுவது இன்னொரு வகை. மூன்றாவதுதான் மோசமானது: எல்லோரும் கட்டாயம் ஒரு ‘ப்ராஜெக்ட்’ செய்தே ஆக வேண்டும் என்பது. கடைசி வாரம் அப்பா தெர்மோகோல் வெட்டுவார், அம்மா சார்ட் எழுதுவார். வேலை குழு அறையை விட்டு வீட்டுக்குப் போகாது என்று முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

பாராட்டிலும் கவனம் தேவை. கிளாடியா ம்யூலரும் கரோல் ட்வெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டப்பட்ட குழந்தைகள் அடுத்து எளிய வேலையையே தேர்ந்தெடுத்தார்கள். கஷ்டமானது வந்து தோற்றபோது சீக்கிரம் சோர்ந்தார்கள். முயற்சியைச் சொல்லிப் பாராட்டப்பட்டவர்கள் கடினமானதைத் தேடிப் போனார்கள். மீத்திறன் குழந்தைகள் ‘புத்திசாலி’ என்ற சொல்லை ஏற்கெனவே நிறையக் கேட்டிருப்பார்கள். ‘2×4 போட்டு உன் ஊகத்தை நீயே உடைத்தாய்’ என்று நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அது போதும்.

பள்ளி நேரத்தில் நடத்தினால் இன்னொரு சிக்கல் வரும். குழுவுக்குப் போன நேரத்தில் நடந்த பாடத்தையும் வீட்டுப்பாடத்தையும் சேர்த்துப் பிள்ளை ஈடுகட்ட வேண்டியிருக்கும். இரட்டைச் சுமை. இதற்குத் தீர்வு பாடச் சுருக்கம்: ஒரு பாடம் தொடங்கும் முன்பே அதன் இறுதித் தேர்வைக் கொடுத்து, எந்தப் பகுதிகள் ஏற்கெனவே தெரியும் என்று பார்த்து, அவற்றிலிருந்து விலக்கு அளிப்பது. கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வுக் குழு 1993-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய மாணவர்களுக்கு ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதப் பாடத்தை நீக்கியும் தேர்வு மதிப்பெண் குறையவில்லை. வகுப்பாசிரியரோடு உட்கார்ந்து, எந்தப் பகுதிக்கு விலக்கு, எந்த மணி வேளை, எந்த வேலை என்று மூன்று பத்தி போட்ட ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் தேர்வு நெருங்கும்போது முதலில் ரத்தாவது உங்கள் குழுதான்.

வகை 3-இல் பாதியில் கைவிடும் பிள்ளைகளும் இருப்பார்கள். பத்தாம் வாரத்துக்கு முன் கைவிட்டால் விடுங்கள். ஆனால் ஏன் நிறுத்தினோம், எதுவரை வந்தோம், அடுத்து எடுப்பவர் எங்கிருந்து தொடங்கலாம் என்று நோட்டில் ஒரு பக்கம் எழுதிவிட்டே நிறுத்த வேண்டும். அந்த நோட்டு குழுவின் அலமாரியில் இருக்கட்டும். அடுத்த தொகுதிப் பிள்ளைகளுக்கு முதல் வாரம் வகை 1-க்கு அதையே எடுத்துக் கொடுக்கலாம்.